மழை நாளில் ஏழாம் நம்பருக்குப் போவதில்லை

சனி இரவு பத்தரைக்கு
தினெத் போனில் கேட்கிறான்:
நாளைக்கு எங்க மச்சான்?

தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுத்தான்
சொல்ல வேண்டியிருக்கிறது.
சடசடவென்றால் பயமில்லை, கொட்டிவிட்டுப் போய்விடும்.
இது பொகவந்தலாவையின் ஆனி மழை.
நூல் நூலாய், எட்டு நாளாய்,
மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்டோருக்குப் பின்னால் போகிற பாதை பரவாயில்லை.
விறகுச் சாம்பலும் கரிக்கட்டையும்
நாற்பது வருஷமாய்க் கொட்டி
லொறி மிதித்து இறுகியது.
தண்ணீர் நிற்காது, டயர் கடித்துக்கொள்ளும்.
செயினைத்தான் தின்றுவிடும்,
வந்த கையோடு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு.

பைனஸ் காடும் சரி.
மேலே ஊசியிலை மெத்தை, அடியில் சரளை.
எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிக்கொண்டு
ஒன்றும் நடக்காத மாதிரிக் கிடக்கும்.
வேரைக் கண்டால் மட்டும் பிரேக்கைத் தொடாதே.
ஈர வேரில் பிரேக் பிடித்தவன் கதையை
என் இடது தோள் சொல்லும்,
குளிர் அதிகமான இரவுகளில்.

யூகலிப்டஸ் பக்கம் வேண்டாம்.
உரிந்து விழுந்த பட்டை ஒவ்வொன்றும்
சோப்புக் கட்டி.

தெரியாத பாதை என்றால் இறங்கி
குதிகாலால் ஒரு உதை கொடு.
குழியில் தண்ணீர் ஊறினால் திரும்பிவிடு.
மலைக்குக் குறுக்கே,
கான் வெட்டியவர்கள் கூடவே போட்ட பாதையை நம்பு,
தண்ணீர் எங்கே போகும் என்று
அவர்கள் கேட்டுவிட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள்.
நேராய் இறங்கும் பாதை
மழைக்கும் பாதைதான்.

அப்போ ஏழாம் நம்பர்?

எனக்குத் தெரியும், கேட்பான்.
இருபத்துமூன்று வளைவு,
காட்டுத்தொங்கலிலிருந்து கொழுந்து மடுவம் வரைக்கும்
ஒரே சிவப்புக் களி.
இந்தப் பக்கத்தில் அதைப்போல இன்னொன்று இல்லை.

வழுக்கும், என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லாதது:
போன வருஷத்துக்கு முந்தின ஆடியில்
தனியாய் அதில் இறங்கினேன்.
பின் சக்கரம் ஒவ்வொரு வளைவிலும்
என்னை முந்தப் பார்த்தது.
ஆளில்லாத ஞாயிறு மலையில்
தொண்டை வறளக் கூவிக்கொண்டே வந்தேன்.
இரவு முழுக்க மழை
என் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.
விடியும்போது அது ஒரு கான்.

திங்கள் காலை நிறுவைக்கு
பதினெட்டுக் கிலோச் சாக்கோடு வந்த புஸ்பமேரி
பன்னிரண்டாவது வளைவில் விழுந்தாள்.
மணிக்கட்டு வீங்கிவிட்டது.
கொழுந்து பாதி சேற்றில்.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.

அவள் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.
சாயந்தரம் லயத்துப் பீலியடியில்,
துணி சுற்றிய கையை மாரோடு பிடித்தபடி,
என் டயரைப் பார்த்தாள்.
சதுரம் சதுரமாய்க் கட்டை வைத்த டயர்
இந்த டிவிஷனிலேயே ஒன்றுதான்.

ஒன் சைக்கிள் நல்லா ஓடுதாடா? என்றாள்.

நிஜமாகவே கேட்டாளா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.
மண்வெட்டியோடு போனேன்.
இருட்டுவதற்குள்
ஒன்பது வளைவைத்தான் மூட முடிந்தது.

தினெத் இன்னும் லைனில் இருக்கிறான்.
பைனஸ், என்கிறேன். ஆறரைக்கு.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு.
அட்டைக்குச் சோப்பு நான் கொண்டுவருகிறேன்.
ஏழாம் நம்பரை மாசியில் பார்ப்போம்,
களி காய்ந்து, அடித்தால் ஓடு மாதிரிச் சத்தம் கேட்கட்டும்.

பிறகு, மட்கார்டை மறக்காதே.
போன தடவை உன் பின்னால் வந்து
ஒரு மலையைத் தின்றேன்.